மானிப்பாய் முதல் வேலூர் வரை: அயலக மருத்துவத் தொண்டும் அதன் அறமும்

முன்னுரை

பிணியுற்றோர்க்கு மருந்தளித்தலை அறமாகப் போற்றுவது தமிழ் மரபு. மருத்துவத்திற்கெனத் திருக்குறள் தனி அதிகாரம் வகுத்துள்ளது. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிபவன் ஆகிய நான்கினையும் மருத்துவத்தின் கூறுகளாக அவ்வதிகாரம் கொள்கிறது. நோயாளியையும் துணைபுரிபவனையும் மருத்துவனுக்கு இணையாக வைத்து எண்ணிய அப்பார்வை, கடல் கடந்து வந்து அறுவைத் தொண்டாற்றிய அயல்நாட்டு மருத்துவர்களின் வரலாற்றை மதிப்பிடுவதற்கும் உரிய அளவுகோலாகிறது. வந்தவர் எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்பது ஒரு வினா. அவர் சென்ற பின்னர் அம்மண்ணில் எஞ்சியது யாது என்பது மற்றொரு வினா. முதல் வினாவிற்கு விடை காண ஆண்டறிக்கைகள் போதும். இரண்டாவதற்கு வரலாறு வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் (1822–1884) அவர்களின் தொண்டினை இந்த இரண்டாம் வினாவின் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் மேற்கொண்ட தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நூலாக்கமும் பெரும்பாலும் அறிவியல் தமிழ் வரலாற்றின் பகுதியாகவே பேசப்பட்டு வந்துள்ளன. அவற்றை மருத்துவ அறத்தின் பகுதியாகவும் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

காலப் பின்னணி

அமெரிக்காவில் 1810ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட அயல்நாட்டு மிஷன் சங்கம், 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தன் பணியைத் தொடங்கியது. அச்சங்கத்தின் சார்பில் வந்த முதல் மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆவார். அவர் 1820ஆம் ஆண்டு முதல் பண்டத்தரிப்பில் பணியாற்றி, 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். 1833ஆம் ஆண்டு முதல் நாதன் வார்டு என்னும் மருத்துவர் வட்டுக்கோட்டையில் பணிபுரிந்தார். தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ராம்சே 1838ஆம் ஆண்டு நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எனவே, கிறீன் வருவதற்கு முன்னரே தமிழ் வழங்கும் நிலத்தில் மேலை மருத்துவத் தொண்டு வேரூன்றத் தொடங்கியிருந்தது எனலாம்.

இதே அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்த பீட்டர் பார்க்கர் 1835ஆம் ஆண்டு சீனத்தின் காண்டன் நகரில் கண் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். பெருங்கட்டிகளை அகற்றும் அறுவையினால் அவர் புகழ் பெற்றார். அறுவைக்கு முன்னர் நோயாளியின் உறவினரிடமிருந்து எழுத்து வடிவில் ஒப்புதல் பெறும் வழக்கமும் அங்கு இருந்தது. குவான் ஆ-தோ என்னும் சீன இளைஞரை அவர் அறுவை மருத்துவராகப் பயிற்றுவித்தமை பாராட்டத்தக்கது. எனினும், கட்டிகளோடு நின்ற நோயாளிகளை லாம் குவா என்னும் ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, அவ்வோவியங்களை 1840–41இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பார்வைக்கு வைத்து அவர் ஆதரவு திரட்டினார். நோயாளியின் உடற்குறை கொடையாளரின் இரக்கத்தைத் தூண்டும் கருவியாவது முறையா என்னும் வினா அன்றே எழுந்திருக்க வேண்டியதாகும். தொண்டு, பயிற்சி, ஒப்புதல், விளம்பரம் ஆகிய நான்கும் தொடக்க நாள்களிலேயே பின்னிக் கிடந்தன என்பதற்குக் காண்டன் ஒரு சான்றாகிறது.

அறுவை மருத்துவத்தின் அன்றைய நிலையையும் நினைவில் இருத்துதல் வேண்டும். ஈதர் கொண்டு உணர்வு நீக்கும் முறை பாஸ்டனில் வெளிப்படையாகச் செய்து காட்டப்பெற்றது 1846இல் ஆகும். குளோரோபாம் 1847இல் வழக்கிற்கு வந்தது. புண் சீழ்ப்பிடிக்காமல் காக்கும் லிஸ்டரின் முறை 1867இல் தான் அச்சேறியது. கிறீன் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆண்டு 1845. அதாவது, வலியடக்கமும் நச்சுநீக்கமும் அறியப்படாத காலத்தில் கற்று, அவை இரண்டும் தோன்றி வளர்ந்த காலத்தில் தொழில் புரிந்தவர் அவர்.

மானிப்பாய்ப் பணி

மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர், 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். அவருடைய பணிக்காலம் இரு பகுதிகளாக அமைகிறது. முதற்பகுதி 1847 முதல் 1857 வரை. இரண்டாம் பகுதி 1862 முதல் 1873 வரை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தாயகத்தில் இருந்தார்.

ஒரு மருத்துவர் ஒரு தீபகற்பத்தின் பிணிகளைத் தீர்த்துவிட இயலாது என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்தார். மானிப்பாய்க்கு வந்த உடனேயே அவர் மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கியமை இதனைப் புலப்படுத்துகிறது. மருத்துவமனையும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில் இயங்கின. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்கும் முறை அங்குக் கையாளப்பெற்றது. கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கப்பெற்ற ஆண்டு 1870 என்பதை நோக்க, அதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்னரே மானிப்பாயில் மருத்துவக் கல்வி நிகழ்ந்தமை புலனாகும். தம் பணிக்காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரை அவர் மருத்துவராகப் பயிற்றுவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை மீண்டும் மீண்டும் தாக்கியது. அத்தகைய கொள்ளைநோய்க் காலங்களில் ஊர்தோறும் செல்லத்தக்க பயிற்சி பெற்றோரின் தேவை பெரிதாக இருந்தது.

பயிற்றுமொழி மாற்றம்

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்ற இளைஞர்களே அவருடைய முதல் மாணவர்கள் ஆவர். அமெரிக்கச் சங்கத்தின் தூதுக்குழு வந்து சென்றதன் விளைவாக 1855ஆம் ஆண்டு அச்செமினரி மூடப்பெற்றது. ஊர்மொழிக் கல்விக்கே முதன்மை தரவேண்டும் என்பது அன்றைய சங்கத் தலைமையின் கொள்கையாக இருந்தது. இச்சூழலில் கிறீன் தமிழ்வழிக் கல்விக்குத் திரும்பினார். இரண்டாம் பணிக்காலத்தில் தமிழே பயிற்றுமொழியாக நிலைபெற்றது.

இம்மாற்றத்திற்குச் சங்கக் கொள்கை மட்டும் காரணமன்று. ஆங்கிலத்தில் கற்றவர் அரசுப் பணியையும் நகரையும் நாடிச் செல்வர். தமிழில் கற்றவர் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்குத் தொண்டாற்றுவர் என்பது கிறீனின் எண்ணமாக இருந்தது. மாணவர் தம் உடையையும் உணவு வழக்கத்தையும் விட்டுவிட்டு ஐரோப்பியரைப் போல் வாழ முற்படுவதை அவர் விரும்பவில்லை. நோயாளி பேசும் மொழியில் நோயைச் சிந்திக்கத் தெரிந்தவனே அவனுக்கு விளங்குமாறு எடுத்துரைக்க இயலும். அறுவையின் பயனையும் இடரையும் நோயாளி அறிந்து உடன்பட வேண்டும் என இன்றைய மருத்துவ அறம் வலியுறுத்துகிறது. அவ்வுடன்பாட்டிற்கு அடிப்படை மொழியாகும். அவ்வகையில் கிறீனின் மொழித் தேர்வு அறத் தேர்வாகவும் அமைந்தது எனக் கொள்ளலாம்.

எனினும், இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசுப் பணிக்கும் சமூக உயர்வுக்கும் ஆங்கிலமே வாயிலாக இருந்த காலம் அது. ஊரிலேயே தங்கவேண்டும் என்பதற்காக அவ்வாயிலைத் தவிர்த்துக் கல்வி அளிப்பது, மாணவனின் வாழ்வை அவனுக்காகப் பிறர் தீர்மானிப்பதாகும். ஊரின் நலனும் மாணவனின் நலனும் ஒன்றோடொன்று முரணும் இவ்விடத்தில் முடிவெடுத்தவர் அயல்நாட்டவர் என்பதை மறைக்க இயலாது. ஊர்ப்புறத்தில் பணியாற்றுவதற்கென மருத்துவர்களை உருவாக்கும் திட்டங்கள் அனைத்தும் இன்றளவும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவேயாகும்.

நூல்களும் கலைச்சொற்களும்

தமிழில் கற்பிக்க முனைந்தவருக்குத் தமிழில் பாடநூல் இல்லை. ஆகவே நூலாக்கம் கல்வியின் முதற்படியாயிற்று. கட்டரின் உடலியல் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்னும் பெயரில் தமிழாயிற்று. மோன்செல்லின் மகப்பேற்று நூல் ‘பிரசவ வைத்தியம்’ (1857) என்றும், துரூயிற்றின் அறுவை நூல் ‘இரண வைத்தியம்’ (1867) என்றும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) என்றும், ஹூப்பரின் பொது மருத்துவ நூல் ‘வைத்தியாகரம்’ (1872) என்றும் வெளிவந்தன. தொடர்ந்து ‘கெமிஸ்தம்’ (1875), ‘மனுஷ சுகரணம்’ (1883), ‘இந்து பதார்த்த சாரம்’ (1884) ஆகியன வந்தன. இவை யாவும் சேர்ந்து நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்களாகும். பிற்கால நூல்கள் சில நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சிடப்பெற்றன. கடலுக்கு இருபுறமும் இருந்த தமிழ் நிலங்கள் இப்பணியில் இணைந்தமை இதனால் தெரியவருகிறது.

கிரேயின் நூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்த ஆண்டு 1858. பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழில் கிடைத்தது. அறிவு பிறந்த இடத்திற்கும் அது சென்று சேர வேண்டிய இடத்திற்கும் இடையே இருந்த காலத்தொலைவு இவ்வாறு குறைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கினைப் பின்பற்றினார். தமிழில் வழங்கும் சொல் உளதாயின் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் அவர் ஏற்றார். ‘கெமிஸ்தம்’ என்பது மூன்றாம் வகைக்குச் சான்று. ‘அங்காதிபாதம்’ என்னும் ஆக்கம், கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் இலக்கிய வழக்குகளை நினைவூட்டுவதாக உள்ளது. இறைவனின் திருவுருவை முடி முதல் அடி வரை வருணித்த மரபின் சொல்லமைப்பு, மனித உடலைப் பகுத்து விளக்கும் அறிவியலுக்குப் பொருந்தி வந்தமை எண்ணத்தக்கது. ‘இரண வைத்தியம்’ மக்கள் வழக்கில் ஏற்கெனவே இருந்த சொல்லாகும். புண்ணாற்றும் உள்ளூர் மருத்துவர்களும் இரண வைத்தியர் என்றே அழைக்கப்பெற்றனர். புதிய அறுவைக் கலைக்கு அப்பழம்பெயரையே இட்டதன்மூலம், அதனை அறியாத மாயமாகக் காட்டாமல், மக்கள் அறிந்த தொழிலின் தொடர்ச்சியாகக் கிறீன் காட்டினார். இச்சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. உடற்கூற்றியல், உடலியங்கியல், அறுவை மருத்துவம் என்பன அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன.

‘இந்து பதார்த்த சாரம்’ தனிக் கவனத்திற்குரியது. வேரிங் பதிப்பித்த இந்திய மருந்தியல் நூலை (1868) அடியொற்றிய இந்நூல், இந்நாட்டில் கிடைக்கும் மருந்துப் பொருள்களை விளக்குகிறது. கப்பலில் வரும் மருந்தை மட்டும் நம்பியிருக்கும் மருத்துவம், கப்பல் நின்றால் நின்றுவிடும். உள்ளூர் மருந்தை அறிந்த மருத்துவனோ தொடர்ந்து இயங்குவான்.

இப்பணிகளைக் கிறீன் தனித்துச் செய்யவில்லை. டான்போர்த், சாப்மன், பால் முதலிய தமிழ் மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு கொண்டனர். செமினரி வழக்கப்படி அமெரிக்கப் பெயர் தாங்கிய இவர்களின் உழைப்பு, ஆசிரியரின் புகழ் நிழலில் மறைந்துள்ளது. தொண்டு வரலாறுகள் வந்தவரை மட்டும் நாயகராக்கி, உடன் நின்றவரை உதவியாளராகச் சுருக்கும் போக்கிற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும். நூற்பணியின் வரலாறு முழுமை பெற இம்மாணவர்களின் பங்கும் தனித்து ஆராயப்பட வேண்டும்.

சமயமும் சிகிச்சையும்

கிறீன் சமயப் பரப்பாளராகவே அனுப்பப்பெற்றவர். தம்மை அவ்வாறே கருதியவர். மருத்துவம் சமயத்திற்கு வாயிலாகும் என்பது அவரை அனுப்பிய சங்கத்தின் நம்பிக்கை. அக்கால மிஷன் மருந்தகங்களில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு வேதவாசிப்பும் போதனையும் நிகழ்வது இயல்பு. நோயினால் நலிந்து, வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவரிடம் சமயம் பேசுவது அவருடைய விருப்புரிமையைக் குறுக்காதா என்னும் வினா நியாயமானதே. யாழ்ப்பாணத்தில் இவ்வினா வெறும் கோட்பாடாக இருக்கவில்லை. கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாய்க்கு வந்த 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். கல்வியையும் உதவியையும் சமய மாற்றத்தோடு பிணைப்பதற்கு எதிராக எழுந்த குரல் அவருடையது. ஒருவர் நவீன மருத்துவத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தார். மற்றவர் அச்சினையும் பள்ளியையும் கொண்டு சைவத்தையும் தமிழையும் காத்தார். உரைநடைத் தமிழை வலுப்படுத்தியதில் இருவரும் தத்தம் வழியில் பங்களித்தனர்.

கிறீனின் நூல்களைப் பயன்படுத்துவதற்கு அவருடைய சமயத்தை ஏற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எலும்பின் பெயரும் மருந்தின் அளவும் எச்சமயத்தாருக்கும் ஒன்றே. நோக்கம் எதுவாயினும், கையளிக்கப்பட்ட அறிவு பெற்றவரின் உடைமையாகிவிடுகிறது. சிகிச்சையைத் திரும்பப் பெறவோ, நிபந்தனைக்கு உட்படுத்தவோ இயலும். கற்பித்ததைத் திரும்பப் பெற இயலாது. கிறீனின் பணியில் அறநோக்கில் மிக உறுதியான பகுதி இதுவேயாகும்.

நெய்யூரும் வேலூரும்

கிறீன் முன்வைத்த வினா இருபதாம் நூற்றாண்டிலும் தமிழ் நிலத்தில் தொடர்ந்தது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல், மலையேற்றத்திற்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். காத்திருந்த நோயாளிகளின் திரளைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டு அங்கேயே பணியாற்ற முடிவு செய்தார். பார்வையாளராக வந்தவர் பல்லாண்டுகள் தங்கிய தொண்டராயினார். குறுகிய வருகையும் நெடிய ஈடுபாடும் வேறு வேறு என்பதற்கு இது சான்று.

யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய ஜான் ஸ்கடரின் பெயர்த்தியான ஐடா ஸ்கடர் (1870–1960) வேலூரில் 1900ஆம் ஆண்டு பணியைத் தொடங்கினார். பெண் மருத்துவர் இன்மையால் பெண்கள் மடிவதைக் கண்ட அவர், தாம் ஒருவராக எத்தனை பேரைக் காப்பது என எண்ணி, 1918ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். மானிப்பாயில் ஒருவரை நம்பி நின்ற கல்வி, வேலூரில் நிறுவனமாக உருப்பெற்றது. இந்தியர் தலைமையில் அது இன்றளவும் தொடர்வதற்கு அதுவே அடிப்படை.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த பால் பிராண்டு, 1946இல் வேலூர் வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். ஆயின், எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. கைகள் சீரானவர்க்குப் பிச்சை கிடைப்பது அரிதாயிற்று. நோயின் பெயரால் வேலையும் கிடைக்கவில்லை. அறுவை வெற்றி பெற்றும் வாழ்வு தோற்றது. இதனால் கைத்தொழில் பயிற்றும் புதுவாழ்வு மையம் 1951ஆம் ஆண்டளவில் உருவாயிற்று. அறுவை என்பது தையல் பிரிப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்னும் பாடத்தை நோயாளிகளே மருத்துவருக்குக் கற்பித்தனர்.

இன்றைய சூழலில்

உலகெங்கும் ஐந்நூறு கோடி மக்கள் பாதுகாப்பான, தாங்கத்தக்க செலவிலான அறுவை மருத்துவத்தை உரிய காலத்தில் பெற இயலாத நிலையில் உள்ளனர் என்று 2015ஆம் ஆண்டு வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கை மதிப்பிட்டது. ஆண்டுதோறும் கூடுதலாக 14.3 கோடி அறுவைகள் தேவை என்றும் அது கணித்தது. இப்பெருந்தேவையைச் சில நாள் முகாம்களால் நிறைவு செய்ய இயலாது. விமானத்தில் வந்து, அறுத்து, ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் தொண்டில் அறுவைக்குப் பின் வரும் காய்ச்சலையும் கசிவையும் யார் கவனிப்பது என்பது முதன்மையான வினா. தம் நாட்டில் செய்ய உரிமம் பெறாத அறுவையை ஏழை நாட்டில் பயிற்சியாகச் செய்து பார்ப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. இலவசம் என்பதனால் தரம் குறையலாம் என்றோ, ஏழையின் உடன்பாடு எளிதில் பெறப்படலாம் என்றோ கொள்வது அறமாகாது.

முடிவுரை

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884ஆம் ஆண்டு மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்னும் பொருள்படும் தொடரே, அவர் விரும்பியவாறு, அவருடைய கல்லறையில் பொறிக்கப்பெற்றுள்ளது.

அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. 1978ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்ற மருத்துவ பீடமும் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாகக் கொண்டது. மத்தியப் பிரதேசத்தில் 2022ஆம் ஆண்டு இந்தியில் மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பெற்றபோது அது புதிய முயற்சியாகப் பேசப்பட்டது. இந்திய மொழிகளில் மருத்துவக் கல்வி இயலுமா என்னும் விவாதம் நாடெங்கும் நிகழும் இந்நாளில், ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு சிற்றூரில் அது நடத்திக் காட்டப்பெற்றது என்பது தமிழறிஞர்கள் எடுத்துரைக்க வேண்டிய செய்தியாகும். அது ஏன் தொடரவில்லை என்பதையும் உடன் எடுத்துரைத்தல் வேண்டும். மொழியில் நூல் இருந்தால் மட்டும் போதாது. அம்மொழியில் கற்றவர்க்குத் தொழிலும் மதிப்பும் தரும் அரசும் சமூகமும் வேண்டும்.

இவ்வாய்வினால் பெறப்படும் கருத்துகள் சில உள. அயலகத் தொண்டின் மதிப்பு, தொண்டர் இல்லாத நாளிலேயே தெளிவாகிறது. கற்பித்தல், உள்ளூர் மொழி, உள்ளூர் மருந்து, தொடர் கவனிப்பு ஆகியவை தொண்டின் துணைக்கூறுகள் அல்ல. அவையே அதன் உள்ளடக்கம். தொண்டரின் நோக்கங்களைக் கேள்விக்கு உட்படுத்துவதும், அவர் விட்டுச் சென்றதை நன்றியோடு ஏற்பதும் ஒருசேர நிகழக்கூடியவை. மானிப்பாயில் தமிழில் கற்று, தமிழில் நோய் கேட்டு, தமிழில் மருந்து எழுதிய அந்த அறுபதுக்கும் மேற்பட்டோரின் வாழ்வும் பணியும் ஊர்வாரியாகத் தொகுக்கப்படுமாயின், கிறீனின் பணிக்கான முழுமையான மதிப்பீடு அப்போது கிட்டும்.